பிழையில்லாத பக்கம்

ஜூலை 2, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. என் தம்பி ரெமிஜியுஸ் வந்தான், செருப்போடு. அறுபது வயதைத் தாண்டிய மனிதனிடம் செருப்பை வாசலில் கழற்று என்று சொல்ல வேண்டியிருப்பது எனக்கு அவமானமாக இருக்கிறது. அவனுக்கு இல்லை. ஆயுள் முழுக்கக் கப்பல் இஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். தரை என்பது எண்ணெய் சிந்துவதற்கென்று நினைக்கிறான்.

"யக்கா, அத்தானோட கம்ப்யூட்டர் சும்மாதான கெடக்கு? அதுல காயின் தோண்டலாம்" என்றான்.

உலகம் முழுவதும் கம்ப்யூட்டர்கள் ஓயாமல் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே இருக்குமாம். சரியான விடைக்கு ஒரு துளி நாணயம். கையில் பிடிக்க முடியாத நாணயம். இதற்கு மைனிங் என்று பெயராம். அந்தக் கணக்கை யார் கொடுப்பது, விடைத்தாளை யார் திருத்துவது என்று கேட்டேன். எல்லாரும் சேர்ந்து திருத்துவார்களாம். அப்படியென்றால் யாரும் திருத்துவதில்லை என்றுதான் பொருள்.

ஈமு கோழியில் பணம் போட்டான், நோனி ஜூஸில் போட்டான், இப்போது இது. முடியாது என்று சொல்லி அனுப்பினேன்.

நாலு மணிக்குக் கம்ப்யூட்டர் அறையில் தூசி தட்டினேன்.

ஜூலை 3, புதன்

மகள் ஜெசிந்தா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள். திருவிழாக் கொடியேற்றத்துக்கு வருகிறாளாம். வரும்போது அப்பாவின் கம்ப்யூட்டரை எடுத்து யாருக்காவது கொடுத்துவிட்டு, அந்த அறையில் எனக்கு ஒரு கட்டில் போடப்போகிறாளாம்.

"உங்களுக்கு முட்டி வலி மம்மி. எதுக்கு மாடி ஏறி எறங்கணும்? அந்தப் பெட்டி ஒரு ரூமையே அடைச்சிட்டு நிக்குது. யாரு தொடுறா அதை?"

என் முட்டியைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. ரெமி சொல்லியிருப்பான்.

"அது உபயோகத்தில் இருக்கிறது" என்றேன்.

"யாரு உபயோகிக்கிறா?"

"உன் மாமா. ஏதோ கணக்குப் போடுகிறான்."

பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே, போனை வைத்ததும் ரெமியைக் கூப்பிட்டு, நாளை வந்து கணக்குப் போடு என்றேன். இப்போது அது பொய் இல்லை.

ஜூலை 4, வியாழன்

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒழுங்காக எழுதி வைக்கிறேன். என் கணவர் பெர்க்மான்ஸ் வீடுகளுக்கு வரைபடம் போடுபவர். வீடு கட்டப்போகிறவர்களுக்கு அவர்கள் வீட்டைத் திரையிலேயே சுற்றிக்காட்டுவார், மாடிப்படி உட்பட. அதற்காக வாங்கிய பெரிய இயந்திரம். படத்தைச் சுழற்றுவதற்கென்று உள்ளே ஒரு தனிப் பலகை இருக்கிறது. ரெமிக்கு வேண்டியது அதுதான்.

பிறகு அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் பேச்சு இருக்காது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். வீட்டில் தேவைப்படும் வாக்கியங்களைச் சொந்தக் குரலில் பதிந்துவைத்தால் பொத்தானை அழுத்திப் பேசிக்கொள்ளலாம் என்றார். இந்தக் கம்ப்யூட்டரிலேயே பதிந்து, திரையில் வாக்கியத்துக்கொரு பொத்தான் வைத்தோம். தண்ணி வேணும். ஃபேனக் கொற. டீ ஆறிப்போச்சு. வாசல்ல ஆளு நிக்கிது பாரு. நான் வாக்கியங்களைத் திருத்தமான தமிழில் எழுதிக் கொடுத்திருந்தேன். "நான் என்ன ரேடியோவுல செய்தியா வாசிக்கப் போறேன், செல்லி?" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எது கெட்டாலும் போகட்டும் என்பதற்கு அவர் சொல்லும் ‘சவத்த விடு’வையும் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நல்ல குடும்பத்து மனிதர் வாயில் வரக்கூடாத சொல். அதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது.

போன தவக்காலத்தில் அவர் இறந்தபின், "அதை அழிச்சிடுங்க மம்மி, கேட்டா தாங்காது" என்று ஜெசிந்தா சொன்னாள். சரி என்றேன். சரி என்றால் அழித்துவிட்டேன் என்று பொருளாகாது. கேட்டவர்கள் அப்படி எடுத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நாலு மணி, தூசி. கடற்காற்றில் உப்பு வருகிறது. தினமும் தட்டாவிட்டால் இயந்திரம் கெட்டுவிடும்.

ஜூலை 6, சனி

ரெமி மைனிங் மென்பொருளை எங்கிருந்தோ இறக்கினான். இறக்கிய மறுநொடியே கம்ப்யூட்டரின் வைரஸ் காவல் சிவப்பில் கத்தி, அதைப் பிடித்து அழித்துவிட்டது.

"இது நல்லதா, கெட்டதா?" என்று கேட்டேன்.

"நல்லதுதான் யக்கா. எல்லா மைனிங் சாப்ட்வேரப் பாத்தும் இது கொரைக்கும். திருட்டுப் பயலுவ அடுத்தவன் கம்ப்யூட்டர்ல தெரியாம இதையே ஓட்டுதானுவள்ல, அதனால இதுக்கு எல்லாமே திருடன்தான்."

"உண்மையான திருடன் வந்தால் எப்படிக் குரைக்கும்?"

"அதே மாதிரிதான்."

"அப்படியானால் நாய் எதற்கு?"

ஆபத்தில்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரியாமல் எதையும் இந்த இயந்திரத்தில் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

"ஏன்க்கா இந்தப் பாடு படுத? அதுல என்ன இருக்கு? முக்கியமானது எதாவது இருந்தா சொல்லு, ஒரு பென்டிரைவுல காப்பி எடுத்து வச்சிருதேன். ரெண்டு நிமிசம்."

"முக்கியமானது ஒன்றுமில்லை."

"பொறவு என்ன?"

"ஒன்றுமில்லை என்பதற்காக வீட்டைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவாயா?"

ஜூலை 8, திங்கள்

கேஸ் சிலிண்டர் வந்தது. சீல் உடைந்திருந்தது. திருப்பி அனுப்பினேன். கொண்டுவந்தவர் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும்.

ஜூலை 9, செவ்வாய்

ஒரு மென்பொருள் பத்திரமானதா என்று கண்டுபிடிப்பது இவ்வளவு பாடாக இருக்கும் என்று நினைக்கவில்லை. ரெமியிடம் முறை என்று ஒன்று கிடையாது. முதலில் ஒரு வீடியோவைக் காட்டினான். தொப்பியைத் திருப்பிப் போட்ட ஒருவன் மூச்சு விடாமல் பேசி, நானே ஓட்டுகிறேன், நீங்களும் ஓட்டுங்கள் என்கிறான். தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. தள்ளினேன். அடுத்து, கீழே பலர் நட்சத்திரம் போட்டிருந்த ஒரு பக்கம். எல்லாப் பாராட்டும் ஒரே ஆள் எழுதியதுபோல் இருந்தது. அதையும் தள்ளினேன்.

கடைசியாக, மென்பொருளை ஏற்றினால் பல நிறுவனங்களின் காவல் நாய்கள் வரிசையாக மோந்து பார்க்கும் ஒரு தளம். பாதி குரைத்தன. பாதி தூங்கின.

"பாதிதான கொரைக்குது?" என்றான் ரெமி, ஏதோ தேர்வில் தேறிவிட்டதுபோல.

சிலிண்டர்காரரிடம் பாதி சீல் பரவாயில்லை என்று நான் சொன்னேனா?

நாலு மணி ஆகியும் அவன் போகவில்லை. தூசி தட்ட வேண்டும், எழுந்திரு என்றேன். "நான் தட்டுதேன், கொடு" என்றான். உனக்குத் தெரியாது என்று அனுப்பினேன்.

ஜூலை 11, வியாழன்

இன்று முறையாக வேலை நடந்தது. அதை நடத்தியது நான்.

ரெமி ஓட்ட நினைக்கும் மென்பொருள் ஒன்றுதான். ஆனால் அதைத் தரும் பக்கங்கள் இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் அதே பெயர், அதே சின்னம். எது அசல்?

முதல் பக்கத்தைப் படித்தேன். படிக்க முடியவில்லை என்பதே சரி. எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை. இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் நடுவே எழுதியவர் திசை தெரியாமல் அலைகிறார். ஒரே வாக்கியத்தில் ஒரு சொல் இருவிதமான எழுத்துக்கூட்டலில் வருகிறது. ஆங்கிலத்தைக் கன்னியர் மடத்தில் மதர் யூலாலியாவிடம் படித்தவள் நான். காற்புள்ளி இடம் மாறினால் நோட்டு ஜன்னல் வழியே தோட்டத்தில் போய் விழும். இந்தப் பக்கத்தை எழுதியவர்களுக்குத் தோட்டம் போதாது.

"யாரோ வெளிநாட்டுக்காரன் எழுதுனது யக்கா. அவனுக்கும் இங்கிலீஸ் நம்மள மாதிரிதான்."

"உன்னை மாதிரி என்று சொல்."

இரண்டாவது பக்கம் திறந்ததும் மூச்சு வந்தது. நல்ல ஆங்கிலம். நிறுத்தக்குறிகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. பெரும்பாலானவர்கள் தவறவிடும் ‘யாரை’ என்று பொருள்படும் ‘ஹூம்’ என்ற சொல் சரியான வேற்றுமையில் வந்திருந்தது. வைரஸ் காவல் இதைத் தவறாகச் சந்தேகிக்கும், ஆதலால் அதைத் தயவுசெய்து சிறிது நேரம் நிறுத்திவைக்கவும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். இப்படி எழுதத் தெரிந்தவர்கள் திருடமாட்டார்கள்.

அதோடும் நான் விடவில்லை. கோப்பு வழியில் மாறவில்லை என்று காட்ட, எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட முத்திரையை அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். இறக்கிய கோப்பிலும் அதே முத்திரை வர வேண்டுமாம். முதல் நாலும் கடைசி நாலும் ஒத்துப்போனால் போதும், எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள் என்றான் ரெமி. நான் டிக்டேஷன் நடத்தினேன். அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான், நான் தாளில் எழுதி ஒப்பிட்டேன். நடுவில் அவன் ‘பி’யையும் ‘டி’யையும் குழப்பியதால் முதலிலிருந்து மறுபடி.

"யக்கா, எனக்குப் பள்ளிக்கூடத்துல மூத்திரம் முட்டுனது ஞாபகம் வருது."

எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. வைரஸ் காவலை நிறுத்திவிட்டு ஓட்டலாம் என்று அனுமதி கொடுத்தேன்.

ஜூலை 12, வெள்ளி

ஓடுகிறது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மேலே போய்க்கொண்டே இருக்கின்றன. ரெமி காதை இயந்திரத்தோடு ஒட்டிவைத்துக் கேட்டு, "நல்ல ஓட்டம், சீரா இருக்கு" என்றான். இஞ்சின் அறை நினைப்பு. அறை அடுப்பங்கரைபோல் கொதிக்கிறது. உள்ளிருக்கும் விசிறிகள் மிக்ஸிபோல் இரைகின்றன.

ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டர் முழு உபயோகத்தில் இருக்கிறது என்று சொன்னேன். "என்னமோ பண்ணுங்க" என்றாள். அறையில் கட்டில் போடும் பேச்சை எடுக்கவில்லை.

நாலு மணிக்குத் தூசி தட்டினேன். இரைச்சலில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

முதல் பூசைக்குப் போய்வந்தேன். பிரசங்கத்தில் சாமியார் ஒரே உவமையை இருமுறை சொன்னார். வழியில் ஊளி மீன் வாங்கினேன். மாசிக் கருவாட்டுச் சம்பலும் அரைத்தேன். ரெமி இங்கேயே சாப்பிட்டான். அவன் மனைவி மகனோடு குவைத்தில் இருக்கிறாள். சம்பலை மூன்றுமுறை போட்டுக்கொண்டு, உப்பு கொஞ்சம் கம்மி என்றான்.

சாப்பிட்டபின், "கொஞ்ச நேரம் இயந்திரத்தை நிறுத்திவை, தூசி தட்ட வேண்டும்" என்றேன்.

"ஓடும்போதே தட்டலாமே."

"சத்தம்."

"தூசிக்கு என்னக்கா சத்தம்?"

நிறுத்தினான். வெளியே போய் வேப்பமரத்தடியில் பீடி பிடித்தான். கால் மணி நேரம் வரவில்லை. அவனுக்கு இவ்வளவு நாகரிகம் உண்டென்று எனக்குத் தெரியாது.

ஜூலை 16, செவ்வாய்

ரெமியின் கணக்கில் ஒரு துளியும் விழவில்லை. திரையில் மட்டும் ‘கணக்குப் போட்டேன், ஏற்றுக்கொண்டார்கள், போட்டேன், ஏற்றுக்கொண்டார்கள்’ என்று வந்துகொண்டே இருக்கிறது. ஏற்றுக்கொண்டது யார்?

"மொதல்ல மெதுவாத்தான் வரும்" என்றான். ஈமு முட்டைக்கும் இதையேதான் சொன்னான்.

ஜூலை 17, புதன்

இன்று எழுத்து கோணலாக வருகிறது. கோபத்தால்.

காலையில் ரெமியிடம் கேட்டேன்: கிடைக்கும் காசு எந்த விலாசத்துக்குப் போகிறது? அவன் பர்ஸிலிருந்து ஒரு தாளை எடுத்தான். அவனுடைய விலாசம் அது. அதுவும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீண்ட சரம். அதைத்தான் மென்பொருளில் ஒட்டியிருக்கிறான்.

"ஒட்டிய பிறகு சரிபார்த்தாயா?"

"பாத்தேன். மொத நாலும் கடைசி நாலும் கரெக்டு."

"உட்கார். டிக்டேஷன்."

அவன் தாளைப் பார்த்துச் சொன்னான். நான் திரையில் விரல் வைத்துப் பின்தொடர்ந்தேன். முதல் நாலு சரி. ஐந்தாவது சரியில்லை. ஆறாவது சரியில்லை. அவனுக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று திட்டி, தாளை நானே வாங்கி வாசித்தேன். நடுவில் ஓர் எழுத்துகூட ஒத்துப்போகவில்லை. கடைசி நாலு மட்டும் மறுபடி சரி.

அவனை மறுபடி ஒட்டச் சொன்னேன். என் கண் முன்னால் தாளிலிருப்பதைத் தட்டச்சு செய்து, நகல் எடுத்து, ஒட்டினான். ஒட்டிய இடத்தில் விழுந்தது வேறு சரம். அதே தலை, அதே வால். வயிறு மட்டும் வேறு யாருடையதோ.

"யக்கா..." என்றான்.

உள்ளே யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் எழுதுவதை எடுத்துக்கொண்டு, தங்களுடையதை வைக்கிறார்கள். எல்லாரும் முதல் நாலையும் கடைசி நாலையும்தான் பார்ப்பார்கள் என்று தெரிந்தே வைக்கிறார்கள். நாங்கள் இத்தனை நாள் கணக்குப் போட்டது அவர்களுக்கு. என் வீட்டு மின்சாரத்தில், பெர்க்மான்ஸின் இயந்திரத்தில்.

சுவரிலிருந்த ப்ளக்கைப் பிடுங்கினேன். அப்படி நிறுத்தக்கூடாது என்று ரெமி கத்தினான். பிடுங்கியாகிவிட்டது.

விசிறிகள் நின்றதும் அறை மிகவும் அமைதியாக இருந்தது.

ஜூலை 18, வியாழன்

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். நான் தேர்ந்தெடுத்த பக்கத்தை ரெமியின் போனில் மறுபடி பார்த்தேன். வாக்கியங்களில் பிழை இல்லை. இன்றும் இல்லை. உச்சியில், இணையப் பக்கத்தின் விலாசம் வரும் குறுகிய வரியில், அந்த மென்பொருளின் பெயரில் ‘ஆர்’ இரண்டு இருக்கிறது. அசல் பெயரில் ஒன்றுதான்.

விலாசம் வாக்கியம் அல்ல. அதில் எழுவாய், பயனிலை கிடையாது. யாரும் அதை வாசிப்பதில்லை.

ஓட்டை ஆங்கிலத்தில் எழுதியிருந்த பக்கம்தான் அசல். கோப்பைத் தந்தவனே முத்திரையையும் தந்திருக்கிறான். இரண்டும் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? கடைக்காரனின் தராசை அந்தக் கடைக்காரனின் படிக்கல்லை வைத்தே சோதித்திருக்கிறேன், மிகவும் கவனமாக.

ரெமிக்கு இதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அவனுக்குத்தான் அனுபவம். சொன்னேன். அவன் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, "ஆமாக்கா, என் தப்புதான்" என்றான். அப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 19, வெள்ளி

இன்று தூசி தட்டவில்லை.

ஜூலை 20, சனி

ரெமி தன் பாஸ்வேர்டுகளை எல்லாம் அவன் போனிலிருந்தே மாற்றினான். அந்தக் கம்ப்யூட்டரில் என் பாஸ்வேர்டு எதுவும் இல்லை. நான் அதில் ஒன்றே ஒன்றுதான் செய்வேன்.

"டிஸ்க்க முழுசாத் தொடச்சி அழிச்சிட்டு, மொதல்லேருந்து எல்லாம் ஏத்தணும். வேற வழியில்ல. திங்கக்கெழம வந்து செஞ்சிருதேன். ஜெசி வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். அவளுக்குத் தெரியவே தெரியாது" என்றான்.

"முழுவதுமா?"

"முழுசும். எதாவது வேணுமா அதுல?"

ஒன்றுமில்லை என்றேன். மாவு அரைக்க வேண்டியிருந்தது. போய் அரைத்தேன். கிரைண்டரில் அரிசியைப் போட்ட பிறகுதான் தெரிந்தது, உளுந்தை ஊறவைக்க மறந்துவிட்டேன். இனிமேல்தான் ஊறவைக்க வேண்டும்.

ஜூலை 21, ஞாயிறு

பூசையில் கவனம் செல்லவில்லை. மதியம் ரெமி சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தபோது அவன் போனை எடுத்தேன். அசல் பக்கத்தில், மென்பொருளை எழுதியவர்களிடம் கேள்வி கேட்க ஓர் இடம் இருக்கிறது. போலியிடம் ஏமாந்தவர்கள் நிறையப் பேர் அங்கே கேட்டிருந்தார்கள். நான் எழுதினேன். பிழையில்லாமல், மரியாதையாக, மதர் யூலாலியா வெட்டுவதற்கு ஒரு சொல் இல்லாதபடி. எனக்குத் தெரிந்த ஒருவர் போலி மென்பொருளை நிறுவிவிட்டார். அவருடைய இயந்திரத்தில் சில ஒலிப்பதிவுகள் உள்ளன. டிஸ்க்கை அழிக்குமுன் அவற்றை மட்டும் வெளியே எடுத்தால் நச்சும் கூடவே வருமா?

எனக்குத் தெரிந்த ஒருவர் என்பது பொய் அல்ல. என்னை எனக்குத் தெரியும்.

ஜூலை 22, திங்கள்

ரெமி வந்தான். எனக்குத் தலைவலி, நாளை அழித்துக்கொள்ளலாம் என்றேன். தலைவலி இருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

பதில் அவன் போனுக்குத்தான் வந்தது. அதை நான் யோசிக்கவில்லை. பிற்பகலில் போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தான், செருப்பை வாசலில் விட்டுவிட்டு.

"யக்கா, என்ன ஒலி?"

பதிலை வாசித்தேன். ஆங்கிலம் அதே ஆங்கிலம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘கவலை வேண்டாம் அம்மையார்கள். ஒலி என்பது ஒலி மட்டும் உள்ளன. இணைய வயரை முதலில் கழற்று, பிறகு ஒலிக் கோப்பு மட்டும் நகல் செய், நிரல் எதுவும் நகல் செய்யாதே. உங்கள் தெரிந்தவருக்கு நல்வாழ்த்து இருக்கிறது.’

பிழைகளைத் திருத்தவில்லை.

"பெர்க்மான்ஸின் பொத்தான்கள்" என்றேன்.

"அத்தானோடதா? அத அப்பவே அழிச்சாச்சுன்னு ஜெசி சொன்னாளே."

"சரி என்றுதான் சொன்னேன். அழித்துவிட்டேன் என்று சொல்லவில்லை."

அவன் இணைய வயரைக் கழற்றினான். ப்ளக்கைச் செருகினான். இயந்திரம் எழுந்துவர நேரம் எடுத்தது. நான் பிடுங்கிய விதத்தில் எதுவும் மிஞ்சியிருக்காது என்று நினைத்தேன். டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பொத்தான்கள் வந்தன. எல்லாம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கையில் பட்ட முதல் பொத்தானை அழுத்தினேன்.

*வாசல்ல ஆளு நிக்கிது பாரு.*

ரெமி எழுந்தான். எழுந்து, விறுவிறுவென்று முன்கட்டுக்குப் போய்த் தாழ்ப்பாளைத் திறக்கும் சத்தம் கேட்டது. அந்தக் கடைசி மாதங்களில் அவன்தான் தினமும் வந்து உட்கார்ந்திருப்பான். அவர் பொத்தானை அழுத்தினால் அவன்தான் எழுந்துபோய்க் கதவைத் திறப்பான்.

கதவு திறந்தது. கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. பிறகு மூடியது.

திரும்பி வந்தவன் வாசற்படியிலேயே நின்றான். முகத்தைத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"யாருமில்லக்கா" என்றான்.

"தெரியும்."

"இத வச்சிக்கிட்டா என்னைய இதுல கண்ட கழுதையெல்லாம் ஏத்த விட்ட? ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? நான் பாட்டுக்குத் தொடச்சி எறிஞ்சிருப்பேனே. அத்தான் கொரல நானே என் கையால..."

அவனை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறுதல் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. இன்னொரு பொத்தானை அழுத்தினேன்.

*சவத்த விடு.*

ரெமிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பார்ப்பதற்கு விகாரமாக இருந்தது. மூக்கைத் துடை என்றேன். உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பாகப் பென்டிரைவில் ஏற்றினான். ஒவ்வொன்றின் பெயரையும் அவன் வாசிக்க, நான் திரையில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். முழுப் பெயரையும். தலையும் வாலும் மட்டுமல்ல.

டீ ஆறிவிட்டது. அதையும் அவர் சொன்னார்.

ஜூலை 25, வியாழன்

டிஸ்க்கை அழித்து எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியாகிவிட்டது. பொத்தான்கள் பழைய வரிசையில் இல்லை. இரண்டுமுறை மாற்றச் சொன்னேன். மாற்றினான். மைனிங் வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். கரண்ட் பில்லுக்கே கட்டாதாம். ஆகவே கம்ப்யூட்டர் இப்போது எந்த உபயோகத்திலும் இல்லை. நாளை ஜெசிந்தா வருகிறாள்.

அசல் பக்கத்துக்காரர்களுக்கு நன்றி எழுதினேன். எனக்குத் தெரிந்தவர் நலமாக இருக்கிறார் என்று.

ஜூலை 26, வெள்ளி

கொடியேற்றத்துக்குக் கூட்டம் நெரிந்தது. ஜெசிந்தா என் கையை விடவே இல்லை. முட்டியைப் பற்றி அவளுக்கு ரெமி இன்னும் என்னென்ன சொல்லியிருக்கிறானோ.

வீட்டுக்கு வந்ததும் நேரே அந்த அறைக்குப் போனாள். "என்ன மாமா, கணக்குப் போடுது, உபயோகத்துல இருக்குன்னாங்க? ஆஃப் ஆகிக் கெடக்கு?"

"அதுக்கு இன்னிக்கு லீவு. திருவிழால்ல" என்றான் ரெமி.

"வெளையாடாதீங்க. நாளைக்கு ஆள் வரச் சொல்லிருக்கேன். இதை எடுத்துட்டுக் கட்டிலைப் போட்டுருவோம். மம்மி, சரிதானே?"

சரி என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தச் சொல்லைச் சொல்லி வழக்கம்தான். ரெமி என்னைப் பார்த்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான்.

"நாலு மணி ஆச்சு, ஜெசி. உங்கம்மா தூசி தட்டணும்."

"இந்த முட்டியோடயா? கொடுங்க, நான் தட்டுறேன்." துணியை என் கையிலிருந்து வாங்கி, மேசையின் விளிம்பை அழுத்தித் துடைத்தாள். துணியைத் திருப்பிப் பார்த்தாள். அந்த ஒன்றில் அவள் என் மகள். "துணி கறுப்பாயிடுச்சு மம்மி. தெனமும் தட்டுறேன்னு சொன்னீங்க?"

"உட்கார்" என்றேன்.

"எதுக்கு?"

"கேள்வி கேட்காமல் உட்கார்."

உட்கார்ந்தாள். ரெமி இயந்திரத்தைப் போட்டுவிட்டு, வழக்கமாக வெளியே போகிறவன் இன்று போகாமல் கதவோரம் நின்றான். திரை வந்ததும் ஜெசிந்தா பொத்தான்களை அடையாளம் கண்டுகொண்டாள். கையை வாயில் வைத்தாள். அழித்துவிடு என்று மறுபடி சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அவளே கையை நீட்டி ஒன்றை அழுத்தினாள்.

*ஃபேனக் கொற.*

எழுந்துபோய் ஃபேனைக் குறைத்தாள். திரும்பி வந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வியர்வையில் என் ரவிக்கை நனைந்தது. பரவாயில்லை என்று இருந்துவிட்டேன்.

கட்டிலை ஜன்னல் பக்கமாகப் போடலாமாம். மேசை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டுமாம்.

நாலு மணியிலிருந்து விளக்கு வைக்கும்வரை மூவரும் தூசி தட்டினோம்.